பழைய பிரிட்டிஷ் ரயில் படங்களுக்குக் காலம் கணித்துப் பகிர்வது எப்படி? தொடக்க நிலையினருக்கான செய்முறை

பிரிட்டனில் நீராவி என்ஜின்களின் கடைசிக் காலத்தில், குறிப்பாக 1950களிலும் 1960களிலும், கேமராவோடு நிலையம் நிலையமாகச் சென்று படமெடுத்த ஆர்வலர்கள் ஏராளம். அவர்கள் எடுத்த படங்கள் இன்று ஏலங்களிலும் பழம்பொருள் கடைகளிலும் குடும்ப ஆல்பங்களிலும் கிடைக்கின்றன. ஆனால், பலவற்றின் பின்புறத்தில் ஊர்ப்பெயரோ தேதியோ இருப்பதில்லை. அப்படி ஏதேனும் எழுதியிருந்தாலும் அது பல ஆண்டுகள் கழித்து நினைவிலிருந்து எழுதப்பட்டதாக இருக்கலாம். அப்படிப்பட்ட படத்தை ஊகத்தின் பேரில் ஒரு ஆண்டைக் குறிப்பிட்டுப் பகிர்ந்துவிட்டால், அந்த ஆண்டை அடுத்தவர் நம்பி நகலெடுப்பார். சில காலத்தில் அதுவே வரலாறாகிவிடும். ஆகவே படத்தை முறையாகப் பார்த்து, தெரிந்ததையும் ஊகித்ததையும் பிரித்தெழுதிப் பகிரும் வழியை இங்கே விளக்குகிறேன்.

படி 1: படத்தைக் கெடுக்காமல் ஸ்கேன் செய்தல்

அச்சுப் படத்தையும் நெகட்டிவையும் ஓரங்களில் மட்டும் பிடியுங்கள். ஆல்பத்தில் ஒட்டப்பட்ட படத்தைப் பிய்த்தெடுக்க வேண்டாம். பக்கத்தோடு சேர்த்தே ஸ்கேன் செய்யலாம். அச்சுப் படத்துக்கு அங்குலத்துக்கு 600 புள்ளிகள் போதும்; 35 மி.மீ. நெகட்டிவுக்கு 2400 அல்லது அதற்கு மேல் வேண்டும், ஏனெனில் நமக்குத் தேவையான என்ஜின் எண் பெரும்பாலும் அதில் ஒரு நூலளவே இருக்கும். திருத்தப்படாத முதல் நகலை, விவரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் (TIFF) கோப்பாகத் தனியே வைத்துவிட்டு, வெளிச்சத்தைக் கூட்டுவது, கீறலை நீக்குவது போன்ற வேலைகளை வேறொரு நகலில் மட்டும் செய்யுங்கள். ஓரங்களை வெட்டாதீர்கள், ஓரத்தில் பாதியாகத் தெரியும் ஒரு கைகாட்டி மரமே பின்னால் இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

பின்புறத்தையும் கட்டாயம் ஸ்கேன் செய்ய வேண்டும். அஞ்சலட்டையாக இருந்தால் அதன் பின்புறமே ஒரு சாட்சி. முகவரிக்கும் செய்திக்கும் நடுவே கோடு போட்டுப் பிரித்த அட்டை பிரிட்டனில் 1902இல்தான் அனுமதிக்கப்பட்டது. எனவே அத்தகைய அட்டை அதற்கு முன் அச்சானதாக இருக்க முடியாது. அஞ்சல் முத்திரையின் தேதியோ, அந்தத் தேதிக்கு முன்பே படம் எடுக்கப்பட்டுவிட்டது என்பதை மட்டுமே சொல்கிறது. பத்து ஆண்டு பழைய படத்தைக்கூட அட்டையாக விற்றுக்கொண்டிருந்தார்கள் என்பதால் முத்திரைத் தேதியைப் படத்தின் தேதியாக எழுதக் கூடாது.

படி 2: படம் இடவலம் மாறியிருக்கிறதா?

நெகட்டிவைத் தலைகீழ்ப் பக்கமாக வைத்து ஸ்கேன் செய்துவிட்டால் எல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல் மாறிவிடும். எழுத்தோ எண்ணோ தெரிந்தால் உடனே கண்டுபிடித்துவிடலாம். அவை தெரியாதபோது, இரட்டைத் தடத்தில் பிரிட்டிஷ் ரயில்கள் பொதுவாக இடப்பக்கம் செல்லும் என்பதைக் கொண்டு சரிபாருங்கள்.

படி 3: எண்ணைப் படித்து முன்னெல்லையும் பின்னெல்லையும் வகுத்தல்

காலக் கணிப்பின் உயிர்நாடி இதுதான். ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு எல்லைகளைத் தேட வேண்டும்: இந்தத் தேதிக்கு முன் எடுத்திருக்க முடியாது என்பது முன்னெல்லை, இந்தத் தேதிக்குப் பின் எடுத்திருக்க முடியாது என்பது பின்னெல்லை. இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தைச் சிறிது சிறிதாகச் சுருக்குவதே வேலை.

இதற்கு அடிப்படையாக மூன்று தேதிகளை மனத்தில் வையுங்கள். 1923 ஜனவரி 1 அன்று நூற்றுக்கும் மேற்பட்ட ரயில் நிறுவனங்கள் கிரேட் வெஸ்டர்ன், எல்.எம்.எஸ். (லண்டன், மிட்லண்ட் அண்ட் ஸ்காட்டிஷ்), எல்.என்.இ.ஆர். (லண்டன் அண்ட் நார்த் ஈஸ்டர்ன்), சதர்ன் என்ற நான்கு பெரும் நிறுவனங்களாக ஒன்றிணைக்கப்பட்டன. 1948 ஜனவரி 1 அன்று அந்த நான்கும் நாட்டுடைமையாகி ‘பிரிட்டிஷ் ரயில்வேஸ்’ ஆயின. 1968 ஆகஸ்ட் 11 அன்று, லிவர்பூலிலிருந்து மான்செஸ்டர் வழியாகக் கார்லைலுக்குச் சென்று திரும்பிய சிறப்பு ரயிலோடு, வழக்கமான அகலத் தடங்களில் பிரிட்டிஷ் ரயிலின் நீராவிச் சேவை முடிவுக்கு வந்தது.

நாட்டுடைமைக்குப் பின் எண்கள் ஓர் ஒழுங்குக்கு வந்தன. சதர்ன் என்ஜின்களின் எண்ணோடு பொதுவாக 30000, எல்.எம்.எஸ். எண்ணோடு 40000, எல்.என்.இ.ஆர். எண்ணோடு 60000 கூட்டப்பட்டன. கிரேட் வெஸ்டர்ன் என்ஜின்களில் எண்கள் வார்ப்புத் தகடுகளாகப் பதிக்கப்பட்டிருந்ததால் அவை பழைய எண்களையே வைத்துக்கொண்டன. ஆகவே ஐந்திலக்க எண் கொண்ட, எல்.என்.இ.ஆரின் ஏ4 வகை விரைவு என்ஜின் ஒன்று தெரிந்தால், முன்னெல்லை 1948 என்று தயங்காமல் எழுதலாம். கிரேட் வெஸ்டர்ன் என்ஜினின் நான்கிலக்க எண்ணை மட்டும் வைத்து அவ்வாறு எதுவும் சொல்ல முடியாது.

என்ஜினுக்குப் பின்னால் நிலக்கரியும் நீரும் சுமந்து வரும் டெண்டரின் பக்கவாட்டையும் பாருங்கள். கிரேட் வெஸ்டர்ன் நிறுவனத்தின் வட்ட எழுத்துச் சின்னம் 1934இல் வந்தது. ‘பிரிட்டிஷ் ரயில்வேஸ்’ என்று முழுதாக எழுதியிருந்தால் 1948 அல்லது அதற்குப் பின். சக்கரத்தின் மேல் நிற்கும் மெலிந்த சிங்கம் அதையடுத்து வந்தது. மகுடத்திலிருந்து எழுந்து சக்கரத்தைக் கையில் ஏந்திய சிங்கம் 1956இல் அறிமுகமானது. இரட்டை அம்புக்குறி 1965இல்.

இங்கே ஒரு விதியை அழுத்திச் சொல்ல வேண்டும். புதிய அடையாளம் உறுதியான முன்னெல்லையைத் தரும். பழைய அடையாளமோ உறுதியான பின்னெல்லையைத் தராது. 1956இல் புதிய சிங்கம் வந்தாலும், ஒவ்வொரு என்ஜினும் மறுபடி வண்ணம் பூசப்படும்வரை பழைய சிங்கத்தோடேதான் ஓடிக்கொண்டிருந்தது. எனவே பழைய சின்னத்தைப் பார்த்ததும் ‘1956க்கு முன்’ என்று முடிவுகட்டுவது தவறு. தொடக்க நிலையில் நடக்கும் பிழைகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு விதியை மறப்பதால் வருபவை என்பது என் கணிப்பு. உறுதியான பின்னெல்லை வேண்டுமானால் என்ஜின் பணியிலிருந்து நீக்கப்பட்ட தேதி, பாதை மூடப்பட்ட தேதி, கட்டடம் இடிக்கப்பட்ட தேதி ஆகியவற்றையே நாட வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு: ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன்

1923 பிப்ரவரியில் எல்.என்.இ.ஆரின் இந்தப் புகழ்பெற்ற நீராவி என்ஜின் 1472 என்ற எண்ணோடு பணிக்கு வந்தது. அடுத்த ஆண்டு 4472 ஆனது. 1946இல் நடந்த எண் மாற்றத்தில் 103 என்ற எண்ணைப் பெற்று, 1948இல் 60103 ஆனது. 1959 தொடக்கத்தில் இரட்டைப் புகைபோக்கி பொருத்தப்பட்டது. அந்தப் புகைபோக்கியிலிருந்து மென்மையாக வெளியேறிய புகை ஓட்டுநரின் பார்வையை மறைத்ததால், 1961 இறுதியில் புகை விலக்கும் தகடுகள் இருபுறமும் சேர்க்கப்பட்டன. 1963 ஜனவரியில் பணியிலிருந்து நீக்கப்பட்டு, ஆலன் பெக்லர் என்பவரால் வாங்கப்பட்டு, மறுபடி 4472 ஆகப் பச்சை வண்ணம் பூசிக்கொண்டது.

இப்போது உங்கள் கையில் 60103 என்ற எண் தெரியும் கறுப்புவெள்ளைப் படம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். எண்ணை மட்டும் பார்த்தால் 1948 முதல் 1963 வரை பதினைந்து ஆண்டு இடைவெளி. இரட்டைப் புகைபோக்கி தெரிந்தால் முன்னெல்லை 1959க்கு நகர்கிறது. தகடுகள் இல்லையென்றால் பின்னெல்லை 1961 இறுதிக்கு வருகிறது. மரங்களில் இலை இல்லையென்றால் குளிர்காலம். இவ்வளவையும் ஒரே படத்திலிருந்து, எந்தப் பின்குறிப்பும் இல்லாமல், கண்ணால் பார்த்தே பெற முடிகிறது என்பதுதான் இந்தத் துறையின்மேல் எனக்குத் தீராத ஈடுபாடு ஏற்பட்டதற்குக் காரணம்.

ஆனால், இரட்டைப் புகைபோக்கியும் தகடுகளும் 60103 என்ற எண்ணும் சேர்ந்து தெரிந்தால் அவசரப்பட வேண்டாம். இந்த என்ஜின் 1990களில் சில காலமும், பெரும் பழுதுபார்ப்புக்குப் பின் 2016 முதலும் அதே தோற்றத்தில் மீண்டும் ஓடியிருக்கிறது. நடைமேடையில் நிற்பவர்களின் உடை, பளிச்சிடும் பாதுகாப்பு மேலாடை, நிறுத்தியிருக்கும் கார்கள் ஆகியவற்றைப் பார்த்த பிறகே 1962 என்று எழுதுங்கள்.

எண்ணே பொய் சொல்லும் சந்தர்ப்பமும் உண்டு. 1939இல் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட எல்.எம்.எஸ். என்ஜின் 6220 என்ற எண்ணையும் ‘கோரொனேஷன்’ என்ற பெயரையும் தாங்கியிருந்தது. உண்மையில் அது 6229 ‘டச்சஸ் ஆஃப் ஹாமில்டன்’. பயணத்துக்காக இரண்டும் அடையாளத்தை மாற்றிக்கொண்டிருந்தன.

படி 4: பெட்டிகள், வண்டிகள், வண்ணம்

என்ஜினைத் தாண்டிப் பார்க்கப் பழகுங்கள். பயணிகள் பெட்டியின் கதவில் ‘3’ என்ற எண் இருந்தால் அது மூன்றாம் வகுப்பு. 1956 ஜூன் 3 அன்று அந்த வகுப்பு ‘இரண்டாம் வகுப்பு’ எனப் பெயர் மாற்றப்பட்டது. டீசல் என்ஜினின் முகப்பில் சிறிய மஞ்சள் கட்டம் இருந்தால் 1960களின் தொடக்கம் அல்லது அதற்குப் பின். முகப்பு முழுதும் மஞ்சளாக இருந்தால் 1960களின் பிற்பகுதி அல்லது அதற்குப் பின். நீராவி என்ஜினின் ஓட்டுநர் அறைப் பக்கவாட்டில் சாய்வான மஞ்சள் பட்டை இருந்தால் 1964 அல்லது அதற்குப் பின்: குரூ (Crewe) ரயில் சந்திப்புக்குத் தெற்கே மின்கம்பிகளின் கீழ் அந்த என்ஜின் செல்லக் கூடாது என்பதற்கான அடையாளம் அது. நிலையத்துக்கு வெளியே நிற்கும் காரின் பதிவெண் மூன்று எழுத்துகள், எண், முடிவில் ஓர் எழுத்து என்ற வரிசையில் இருந்தால் 1963க்கு முன்னது அல்ல.

கறுப்புவெள்ளைப் படத்தில் நிறத்தைக் கணிக்க முயலும்போது மட்டும் மிகுந்த கவனம் தேவை. பழைய ஆர்த்தோகுரோமாட்டிக் தகடுகள் சிவப்பு ஒளியை உணராதவை. மிட்லண்ட் நிறுவனத்தின் கருஞ்சிவப்பு என்ஜின்கூட அவற்றில் கறுப்பாகவே தெரியும். நிறுவனங்களே எடுத்த அதிகாரபூர்வப் படங்களில் வேறொரு சிக்கல்: விவரங்கள் தெளிவாகப் பதிய வேண்டுமென்பதற்காகப் புதிய என்ஜினுக்குச் சாம்பல் வண்ணம் பூசிப் படமெடுத்துவிட்டு, பிறகே உண்மையான வண்ணத்தைப் பூசினார்கள்.

படி 5: இடத்தைக் கண்டறிதல்

பெயர்ப்பலகை தெரிந்தால் வேலை முடிந்தது. வண்ணப் படமானால் பெயர் தெரியாவிட்டாலும் பலகையின் நிறம் வட்டாரத்தைச் சொல்லும்: நாட்டுடைமைக்குப் பின் சதர்ன் வட்டாரத்துக்குப் பச்சை, லண்டன் மிட்லண்டுக்குக் கருஞ்சிவப்பு, கிழக்குக்குக் கருநீலம், வடகிழக்குக்கு ஆரஞ்சு, ஸ்காட்லாந்துக்கு வெளிர்நீலம், மேற்குக்குப் பழுப்பு. கைகாட்டியின் கை ‘செல்லலாம்’ என்று காட்ட கீழ்நோக்கி இறங்கினால் அது பெரும்பாலும் கிரேட் வெஸ்டர்ன் பகுதி. மற்ற நிறுவனங்கள் 1920களிலிருந்து மேல்நோக்கி எழும் கைகளுக்கு மாறத் தொடங்கின. பிரிட்டிஷ் ரயில்வேஸ் காலத்து என்ஜினின் முகப்புக் கதவில், கீழ்ப்பகுதியில், சிறு நீள்வட்டத் தகடு இருக்கும். அதிலுள்ள குறியீடு என்ஜின் சேர்ந்த லோகோ ஷெட்டை, அதாவது அது தங்கிப் பராமரிக்கப்படும் கொட்டகையை, குறிக்கும். 34ஏ என்றால் லண்டன் கிங்ஸ் கிராஸ். என்ஜின் எங்கே தங்கியது என்பதைத்தான் அது சொல்கிறது, படம் எங்கே எடுக்கப்பட்டது என்பதை அல்ல.

பின்னணிக் கட்டடங்கள் இடத்தையும் காலத்தையும் சேர்த்தே தரும். லண்டன் யூஸ்டன் நிலையத்தின் பிரமாண்டமான கல் வளைவு 1961-62இல் இடிக்கப்பட்டது. அது படத்தில் இருந்தால் அசைக்க முடியாத பின்னெல்லை கிடைத்துவிடுகிறது. பாட்டர்ஸி மின்நிலையத்தின் நான்காவது புகைபோக்கி 1955இல்தான் முடிந்தது. விக்டோரியா நிலையத்தை நோக்கிச் செல்லும் ரயிலின் பின்னே நான்கும் நின்றால் முன்னெல்லை உறுதி. பெயரற்ற சிறு நிலையங்களுக்கு, ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாகத் தந்திருக்கும் பழைய ஆர்ட்னன்ஸ் சர்வே (பிரிட்டனின் அரசு நில அளவை அமைப்பு) வரைபடங்கள் பெரும் துணை. பாலம், தண்டவாளப் பிரிவு, தேவாலயக் கோபுரம் என்ற மூன்றும் படத்தில் எந்த வரிசையில் தெரிகின்றன என்பதை வரைபடத்தோடு ஒப்பிட்டால், கேமரா நின்ற இடத்தையே பல சமயம் புள்ளி வைத்துக் காட்டலாம்.

படி 6: உரிமையைச் சரிபார்த்தல்

நெகட்டிவை விலைகொடுத்து வாங்கியதாலேயே அதன் பதிப்புரிமை உங்களுக்கு வந்துவிடாது. பிரிட்டனில் ஒளிப்படத்தின் பதிப்புரிமை பொதுவாக, எடுத்தவர் இறந்த ஆண்டு முடிந்து 70 ஆண்டுகள்வரை நீடிக்கும். 1960களில் எடுத்த பல படங்கள் இன்னும் உரிமைக்கு உட்பட்டவையே. பின்புறத்தில் பெயர் முத்திரை இருந்தால் அவரையோ அவருடைய குடும்பத்தையோ தேடி அனுமதி கேளுங்கள். உரிமையாளரைக் கண்டறிய இயலாத படைப்புகளுக்கு அந்நாட்டின் அறிவுசார் சொத்துரிமை அலுவலகம் 2014 முதல் உரிமம் வழங்குகிறது. எடுத்தவரின் பெயரைப் படத்திலிருந்து அழித்துவிட்டுப் பகிர்வது, அந்தக் குளிரிலும் மழையிலும் நின்று அதை எடுத்தவருக்குச் செய்யும் அநீதி.

படி 7: விளக்கக் குறிப்பு எழுதிப் பகிர்தல்

குறிப்பில் பார்த்தது, ஊகித்தது, தெரியாதது ஆகிய மூன்றும் தனித்தனியாக நிற்க வேண்டும். மேலே சொன்ன படத்துக்கு இப்படி எழுதலாம்: “60103 ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன். இரட்டைப் புகைபோக்கி உண்டு, புகை விலக்கும் தகடுகள் இல்லை. ஆகவே 1959 தொடக்கம் முதல் 1961 இறுதி வரை. முகப்பில் இரு ஓரங்களிலும் விளக்குகள் இருப்பதால் விரைவு ரயில். இலையற்ற மரங்கள். இடம் தெரியவில்லை, இடப்பக்கம் செங்கல் பாலமும் நான்கு தடங்களும் உள்ளன. எடுத்தவர் பெயர் பின்புறத்தில் இல்லை.” இதைப் படிப்பவருக்கு எங்கே உதவலாம் என்பது உடனே விளங்கும். ‘இது எங்கே?’ என்று பொதுவாகக் கேட்பதைவிட, ‘இந்தச் செங்கல் பாலம் எந்தப் பாதையில் உள்ளது?’ என்று கேட்டால் பயனுள்ள பதில் வரும்.

யாரேனும் திருத்தம் சொன்னால், எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று பணிவோடு கேளுங்கள். அந்தப் பாதையில் வேலை செய்த முதியவர் ஒருவர் பாலத்தை அடையாளம் காட்டினால் அது பெறுமதியான சாட்சி. ஆயினும் அவர் சொல்லும் ஆண்டை உங்கள் எல்லைகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு கருத்துகள் மோதினால் ஒன்றை அழிக்காமல் இரண்டையும் காரணத்தோடு எழுதி வையுங்கள். திருத்தம் உறுதியானதும், பகிர்ந்த இடத்தில் மட்டுமல்லாமல், டிஃப் கோப்பின் விவரப் பகுதியிலும் திருத்திய தேதியோடு பதிவுசெய்யுங்கள். அச்சுப் படத்தின் பின்புறத்தில் எழுதுவதானால் மென்மையான பென்சிலால், ஓரமாக, அழுத்தாமல் எழுதுங்கள். ஏற்கெனவே அங்கிருக்கும் எழுத்து தவறாகவே இருந்தாலும் அதை அழிக்க வேண்டாம்.