துபாயா ஷார்ஜாவா, பர்னிஷ்டா காலி பிளாட்டா: வாடகைக் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கும் முறை

குடும்பத்தை ஊரிலிருந்து கூட்டி வரப் போகிறவர்கள் முதலில் கேட்பது, துபாயிலேயே பிளாட் பார்ப்பதா, ஷார்ஜாவுக்குப் போய்விடுவதா என்பதுதான். அப்புறம் சாமான் போட்ட பிளாட்டா, காலி பிளாட்டா என்ற கேள்வி வரும். நாலு பேரைக் கேட்டால் நாலு தொகை சொல்வார்கள், நாலுமே உண்மையாக இருக்கும். 2020-ல் குடியேறி வருடா வருடம் புதுப்பித்து வருபவர் கொடுக்கும் வாடகையும், அதே மாடியில் இந்த மாதம் புதிதாக வருபவர் கொடுக்கும் வாடகையும் ஒன்றாக இருக்காது. துபாயில் 2014-க்குப் பிறகு இறங்கிக்கொண்டே வந்த வாடகை, 2021-லிருந்து வேகமாக ஏறியது. பழைய குடித்தனக்காரரின் வாடகையைச் சட்டம் ஓரளவு பிடித்து வைத்திருக்கிறது. புதிதாக வருபவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அதனால் நண்பர் சொன்ன தொகையை நம்பிச் சம்பளத்தில் கணக்குப் போடாதீர்கள். ஒரு கூகுள் ஷீட்டும் வாரக் கடைசியில் கொஞ்ச நேரமும் இருந்தால் போதும், இந்த மாத நிலவரத்தை நீங்களே பார்த்துவிடலாம்.

படி 1: ஒப்பிடும் இடங்களைத் தேர்ந்தெடுங்கள்

"துபாய் வாடகை" என்று பொதுவாக ஒன்று கிடையாது. துபாய் மெரினாவையும் ஷார்ஜாவின் முவைலாவையும் ஒப்பிட்டுப் பயனில்லை. தொடக்கத்துக்கு அல் நஹ்தாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் துபாயில் ஒன்று, ஷார்ஜாவில் ஒன்று, நடுவில் எல்லை மட்டும்தான். சஹாரா சென்டர் இருப்பது ஷார்ஜா பக்கம். கடை கண்ணி, சாப்பாடு, பக்கத்து வீட்டு மனிதர்கள் எல்லாம் ஏறத்தாழ ஒன்றுதான் என்பதால், ஊர் மாறுவதால் மட்டும் வாடகை எவ்வளவு மாறுகிறது என்று இங்கே தெளிவாகத் தெரியும். அதோடு அல் குசைஸ், ஷார்ஜாவின் அல் தாவுன், அஜ்மானின் நுஐமியா என்று மூன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு மேல் வேண்டாம். அளவையும் ஒன்றோடு நிறுத்துங்கள்: ஸ்டுடியோ என்றால் ஸ்டுடியோ மட்டும், ஒரு பெட்ரூம் என்றால் அது மட்டும்.

படி 2: ஷீட்டைத் தயார் செய்யுங்கள்

ஒரு வரிசைக்கு ஒரு பிளாட். பார்த்த மாதம், ஊர், பகுதி, சதுர அடி, ஆண்டு வாடகை, எத்தனை செக் (ஆண்டு வாடகையை எத்தனை தவணைச் செக்காகக் கொடுப்பது), பர்னிஷிங் நிலை, சில்லர் (கட்டிடத்தின் மைய ஏசி குளிரூட்டல்) யார் பொறுப்பு, பார்க்கிங் உண்டா, இலவச மாதம் உண்டா, ஃபேமிலியா பேச்சலரா என்று தலைப்புகள் போடுங்கள். கடைசித் தலைப்பைப் புதியவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். பேச்சலருக்குக் கொடுக்காத கட்டிடங்கள் ஏராளம், ஷார்ஜாவில் இன்னும் கண்டிப்பு. உங்களுக்குக் கிடைக்கவே கிடைக்காத பிளாட்டின் வாடகை உங்கள் கணக்கில் இருக்கக் கூடாது. பெட் ஸ்பேஸ் (ஒரு கட்டில் இடம் மட்டும்), பார்ட்டிஷன் (தடுப்பு வைத்த அறை) விளம்பரங்களையும் சேர்க்காதீர்கள்.

பர்னிஷிங் நிலைக்கு மூன்று விடைகள் வையுங்கள்: காலி, செமி, முழுசு. விளம்பரத் தலைப்பை நம்பாமல் படங்களைப் பாருங்கள். சுவரோடு சேர்ந்த அலமாரியும் கிச்சனில் அடுப்பும் ஃபிரிட்ஜும் மட்டும் இருந்தால் அது செமி. கட்டில், மெத்தை, சோஃபா, திரைச்சீலை, வாஷிங் மெஷின் எல்லாம் இருந்தால்தான் முழுசு. பழைய கட்டிடங்களில் காலி பிளாட் என்றால் அடுப்புகூட இருக்காது.

படி 3: இரண்டு இடங்களிலிருந்து தகவல் எடுங்கள்

துபாய் நிலத்துறை பதிவான வாடகை ஒப்பந்தங்களின் விவரத்தை அதன் இணையதளத்தில் எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. பகுதி, அறை எண்ணிக்கை, ஆண்டுத் தொகை, பரப்பு எல்லாம் அதில் இருக்கும். இறக்கிக்கொள்ளலாம். ஏஜென்ட் கேட்கும் விலையாக இல்லாமல், உண்மையில் எஜாரியில் (துபாயின் வாடகை ஒப்பந்தப் பதிவு முறை) பதிவான தொகை என்பதுதான் இதன் மதிப்பு.

அதில் ஒப்பந்தம் புதியதா, புதுப்பித்ததா என்று ஒரு பத்தி (column) இருக்கிறது. நீங்கள் புதிதாகக் குடியேறுபவர் என்றால் புதிய ஒப்பந்தங்களை மட்டும் வடிகட்டி எடுங்கள். இரண்டையும் கலந்தால் வாடகை குறைவாகத் தெரியும், ஏஜென்டிடம் போய் நின்றால் அந்த விலைக்கு ஒன்றும் கிடைக்காது. பரப்பு சதுர மீட்டரில் இருக்கும். 10.764-ஆல் பெருக்கினால் சதுர அடி.

ஆனால் பர்னிஷ்டா காலியா என்பது அந்தப் பட்டியலில் இல்லை. அதற்கு பேயூத், பிராப்பர்ட்டி ஃபைண்டர், டுபிசில் போன்ற தளங்களுக்குத்தான் போக வேண்டும். மூன்றிலும் பர்னிஷ்டு வடிகட்டி உண்டு. ஷார்ஜாவுக்கும் அஜ்மானுக்கும் இவைதான் முதல் வழி. ஒரே பிளாட்டை நாலு ஏஜென்ட் நாலு விலையில் போட்டிருப்பார்கள். ஜன்னல் காட்சியும் தரை டைல்ஸும் ஒன்றாக இருந்தால் குறைந்த விலை உள்ளதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்துவிடுங்கள். துபாய் விளம்பரம் என்றால் நிலத்துறையின் அனுமதி எண் இருக்க வேண்டும், இல்லாததைத் தொடாதீர்கள். ஒரு பகுதிக்குப் பதினைந்து பிளாட்டாவது சேருங்கள். ஐந்தாறை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

படி 4: எல்லாவற்றையும் உண்மையான மாத வாடகையாக மாற்றுங்கள்

இந்தப் படிதான் உயிர். அவசரப்படாமல் செய்யுங்கள்.

அமீரகத்தில் வாடகையை ஆண்டுக் கணக்கில் சொல்வார்கள். பன்னிரண்டால் வகுத்தால் போதும் என்று தோன்றும். போதாது. ஷார்ஜாவில் 48,000 திர்ஹாம், ஒரு மாதம் இலவசம் என்று ஒரு விளம்பரம் இருப்பதாக வையுங்கள். நேராக வகுத்தால் மாதம் 4,000. அந்த இலவச மாதம் பதின்மூன்றாவது மாதமாக வந்தால் 48,000-ஐ 13-ஆல் வகுக்க வேண்டும், மாதம் 3,692. பன்னிரண்டு மாதத்துக்குள்ளேயே ஒரு மாதத்தைக் கழித்தால் 44,000-ஐ 12-ஆல் வகுக்க வேண்டும், மாதம் 3,667. எந்த வகை என்று ஏஜென்டிடம் வாட்ஸாப்பில் எழுத்தாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

துபாய் பக்கம் வேறு கதை. ஆண்டு வாடகையில் 5 விழுக்காட்டை முனிசிபாலிட்டியின் வீட்டுக் கட்டணமாக டேவா (துபாய் மின்சார, தண்ணீர் வாரியம்) பில்லோடு மாதாமாதம் பிரித்து வாங்குவார்கள். 60,000 திர்ஹாம் பிளாட்டுக்கு அது 3,000. ஆக மாதம் 5,000 இல்லை, 5,250. புதிதாக வருபவர்களுக்கு முதல் பில்லைப் பார்த்த பிறகுதான் இது தெரிய வருகிறது. ஷார்ஜாவில் ஒப்பந்தத்தைப் பதிவு செய்யும்போது வாடகையைப் பொறுத்து ஒரு கட்டணம் உண்டு. அதை யார் கட்டுவது என்று முன்கூட்டியே கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சில்லர். "சில்லர் ஃப்ரீ" என்றால் ஏசி குளிரூட்டும் செலவு உரிமையாளருடையது. இல்லையென்றால் சில கட்டிடங்களில் குளிரூட்டும் நிறுவனத்துக்குத் தனி பில் வரும், நீங்கள் ஏசியே போடாத மாதத்திலும் நிலையான ஒரு தொகை அதில் இருக்கும். அந்தக் கட்டிடத்தில் ஏற்கெனவே குடியிருப்பவரிடம் ஆகஸ்ட் மாத பில்லையும் ஜனவரி மாத பில்லையும் கேட்டுப் பாருங்கள்.

படி 5: சராசரி வேண்டாம், நடுமதிப்பு பாருங்கள்

ஒரே ஒரு ஆடம்பரக் கட்டிடம் சராசரியைத் தூக்கிவிடும். நடுமதிப்பு, அதாவது மீடியன், அப்படி அசையாது. கூகுள் ஷீட்ஸில் இன்சர்ட் மெனுவில் பிவட் டேபிளைத் திறந்து, வரிசையில் பகுதி, பத்தியில் பர்னிஷிங் நிலை, மதிப்பில் உண்மையான மாத வாடகை என்று வைத்து, கணக்கிடும் முறையை மீடியனுக்கு மாற்றுங்கள். எக்ஸெலின் சாதாரண பிவட் டேபிளில் மீடியன் வசதி இல்லை, அதனால்தான் கூகுள் ஷீட்ஸைச் சொல்கிறேன்.

படி 6: பர்னிஷ்டுக்கும் காலிக்கும் உள்ள இடைவெளி

இப்போது ஒரே பகுதியில் இரண்டு நடுமதிப்புகள் கையில் இருக்கும். கணக்குக்காகக் காலி 5,000, முழு பர்னிஷ்டு 6,000 என்று வைப்போம். இடைவெளி மாதம் 1,000. ஒரு பெட்ரூமுக்கு வேண்டிய கட்டில், சோஃபா, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், அடுப்பு எல்லாம் சேர்த்து 12,000 ஆகிறது, போகும்போது விற்றால் 3,000 திரும்பும் என்றால், உங்கள் கையைவிட்டுப் போவது 9,000. அதை 1,000-ஆல் வகுத்தால் 9 மாதம். ஒன்பது மாதத்துக்கு மேல் தங்குபவருக்குக் காலி பிளாட் லாபம், அதற்குள் கிளம்புபவருக்கு பர்னிஷ்டு லாபம்.

இதில் இரண்டு திருத்தம் செய்யுங்கள். மாத ஒப்பந்தத்தில் விடும் பர்னிஷ்டு பிளாட்டில் தண்ணீர், மின்சாரம், இன்டர்நெட் பெரும்பாலும் வாடகைக்குள் அடக்கம். அந்தச் செலவைக் கழித்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். அப்புறம் டெபாசிட்: வழக்கமாகக் காலிக்கு ஆண்டு வாடகையில் 5 விழுக்காடு, பர்னிஷ்டுக்கு 10. திரும்ப வரும் பணம்தான், ஆனால் சோஃபாவில் ஒரு கறை இருந்தாலும் பேச்சு வரும். சாவி வாங்கிய அன்றே ஒவ்வொரு சாமானையும் வீடியோ எடுத்து ஏஜென்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு என் கருத்து: சட்டப்படி புரொபேஷன் (தகுதிகாண் காலம்) 6 மாதம் வரை இருக்கலாம். அது முடியும்வரை ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, கடன் வாங்கிச் சாமான் வாங்காதீர்கள். வேலை போய்விட்டால் பாதியில் காலி செய்வதற்கு அபராதம் வேறு கட்ட வேண்டியிருக்கும். அந்த ஆறு மாதத்துக்கு பர்னிஷ்டு பிளாட்டுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீண் இல்லை.

படி 7: பயணச் செலவைச் சேருங்கள்

ஷார்ஜாவுக்கு மெட்ரோ இல்லை. அல் இத்திஹாத் சாலையில் காரில் போனால் அல் மம்சார் சாலிக் (துபாயின் சாலைச் சுங்கம்) உண்டு. 2025 ஜனவரி 31 முதல் காலை 6 முதல் 10 வரையும், மாலை 4 முதல் 8 வரையும் ஒரு கேட்டுக்கு 6 திர்ஹாம். போக 6, வர 6, மாதம் 22 நாளுக்கு 264. கர்ஹூத் பாலத்தைத் தாண்டி அலுவலகம் என்றால் இன்னொரு கேட், 528 ஆகிவிடும். பெட்ரோல் தனி. ஷார்ஜா பிளாட்டின் மாத வாடகையோடு இதைக் கூட்டிய பிறகு துபாய் பிளாட்டைப் பாருங்கள். வித்தியாசம் சில நூறு திர்ஹாம்தான் என்றால், தினமும் டிராஃபிக்கில் போகும் நேரத்தையும், குழந்தை தூங்கிய பிறகு வீடு சேர்வதையும் யோசித்து முடிவெடுங்கள்.

படி 8: மாதாமாதம் தொடருங்கள்

ஒரு மாதத்து எண்ணைக் கொண்டு போக்கைச் சொல்ல முடியாது. முதல் மாத நடுமதிப்பை 100 என்று வைத்து, அடுத்தடுத்த மாதங்களை அதற்கு இணையாகக் கணக்கிட்டு, மூன்று மூன்று மாதமாகச் சராசரி எடுத்துக் கோடு வரையுங்கள். பர்னிஷ்டின் கோடு அதிகம் ஆடும்: குளிர்காலத்தில் சுற்றுலாக்காரர்கள் வருவதால் ஏறும், ஜூலை, ஆகஸ்டில் இறங்கும். எனவே ஜனவரியை ஜூலையோடு ஒப்பிடாமல், போன ஜனவரியோடு ஒப்பிடுங்கள்.

குடியேறிய பிறகும் ஷீட்டை மூடிவிடாதீர்கள். துபாயில் 2013-ஆம் ஆண்டின் 43-ஆம் எண் ஆணைப்படி, உங்கள் வாடகை சந்தையைவிட 10 விழுக்காடு வரை குறைவாக இருந்தால் ஏற்ற முடியாது. 11 முதல் 20 வரை குறைவென்றால் 5, 21 முதல் 30 வரை 10, 31 முதல் 40 வரை 15, அதற்கு மேல் 20 விழுக்காடு வரை ஏற்றலாம். சந்தை வாடகை என்பது நிலத்துறையின் வாடகைக் குறியீடு சொல்வதுதான். 2025-லிருந்து அது கட்டிடம் கட்டிடமாகவே மதிப்பிடுகிறது. ஷார்ஜாவில் 2024-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நீங்களே ஒப்புக்கொண்டாலொழிய முதல் 3 ஆண்டுக்கு வாடகையை ஏற்ற முடியாது.

துபாயில் வாடகையை மாற்ற வேண்டுமானால் ஒப்பந்தம் முடிய 90 நாள் முன்பே தெரிவிக்க வேண்டும். எனவே முடிவதற்கு நாலு மாதம் இருக்கும்போதே ஷீட்டைப் புதுப்பித்து, குறியீட்டுப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உரிமையாளரின் மெயில் வரும்போது பதிலோடு அதை இணைத்து அனுப்பலாம்.