பூங்காவில் பறவைக்கு வளையம் போடப் போகிறீர்களா? முதல் நாள் இப்படித்தான் இருக்கும்

அமெரிக்காவின் கிழக்குப் பக்கம் பல ஊர்ப் பூங்காக்களில் கோடைக் காலையில் சிறு பறவைகளைப் பிடித்து, காலில் எண் பொறித்த அலுமினிய வளையம் மாட்டி விட்டுவிடுவார்கள். தன்னார்வலர்களையும் சேர்த்துக்கொள்வார்கள். நான் மூன்று கோடையாகப் போகிறேன். முதல் நாள் உங்கள் கையில் பறவையைத் தரமாட்டார்கள், பேனாவைத்தான் தருவார்கள். அதை மட்டமாக நினைக்காதீர்கள்.

முதலில் அனுமதி. நாமே வலை வாங்கிக் கட்டிப் பார்க்கலாம் என்ற யோசனையே வேண்டாம், அது குற்றம். மேரிலாந்தில் இருக்கும் அமெரிக்க அரசின் பறவை வளைய ஆய்வகம் தரும் உரிமம் உள்ளவரிடம்தான் நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டும். (நம் ஊரிலும் வனத்துறை அனுமதி இல்லாமல் முடியாது. கோடியக்கரையில் வளையமிடுவது பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார்.)

அடுத்தது நேரம். விடியும் முன்பே போய் வலைகளை விரிக்க வேண்டும். 12 மீட்டர் நீளம், தலைமுடி போல மெல்லிய கறுப்பு நூல், புதருக்கு முன்னால் கட்டினால் நமக்கே தெரியாது. கூடு கட்டும் பறவைகள் எவ்வளவு பெருகுகின்றன, எவ்வளவு பிழைக்கின்றன என்று கணக்கெடுக்க 1989-இல் தொடங்கிய 'மேப்ஸ்' திட்டத்தின்படி நடக்கும் இடமென்றால் பத்து நாளுக்கு ஒரு முறை, சூரியன் உதித்ததிலிருந்து ஆறு மணி நேரம், ஒவ்வொரு வருடமும் அதே இடத்தில் அதே வலை. ஏன் இவ்வளவு பிடிவாதம்? இந்த வருடம் பறவை குறைந்தால், உண்மையிலேயே குறைந்ததா, நாம் தூங்கிவிட்டு லேட்டாகப் போனதாலா என்று பிறகு குழம்பக் கூடாது.

அரை மணிக்கொரு முறை வலைகளைச் சுற்றிப் பார்க்க வேண்டும். பறவையை எடுப்பது பழகியவர் வேலை. எந்தப் பக்கத்திலிருந்து விழுந்தது என்று பார்த்து அதே பக்கமாகத்தான் எடுப்பார். நீங்கள் துணிப்பையைத் திறந்து பிடியுங்கள், வலை எண்ணைச் சொல்லுங்கள். மழை வந்தால் வலையை மூடிவிடுவார்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கும் பறவைக்கு அளவும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், உடனே விட்டுவிட வேண்டும்.

சரி, வளையம் போட்டு அளவெடுக்கும் மேசைக்கு வருவோம். எங்கள் பூங்காவில் அடிக்கடி விழுவது கேட்பேர்ட் என்ற சாம்பல் நிறப் பறவை, பூனை மாதிரியே கத்தும். அதன் கழுத்தை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே தளர்வாக விட்டு, உடம்பை உள்ளங்கையில் அணைத்துப் பிடிப்பார்கள். முதலில் வளையம், நழுவிப் பறந்தாலும் எண்ணாவது மிஞ்சும். வளையம் காலில் தாராளமாகச் சுழல வேண்டும், ஆனால் பாதத்தின் வழியே கழன்றுவிடக் கூடாது. அப்புறம் இறக்கை நீளம், எடை. வயிற்று இறகை ஊதி விலக்கினால் வெறுந்தோல் தெரியும். அடைகாக்கும் பறவை என்று அர்த்தம். (கார்டினல் என்ற தடித்த அலகுப் பறவை வந்தால் விரல் பத்திரம், அந்த அலகு விதை உடைக்கிற அலகு.)

இப்போது உங்கள் பேனா. வளையத்தில் ஒன்பது இலக்கம். வளையம் போடுபவர் வாசிக்க நீங்கள் எழுதி, எழுதியதைத் திரும்ப உரக்கப் படியுங்கள், அவர் வளையத்தைப் பார்த்து ஆமாம் சொன்ன பிறகுதான் அடுத்த கட்டத்துக்குப் போங்கள். என் முதல் கோடையில் 1-ஐ 7 மாதிரி எழுதிவைத்தேன். அடுத்த வருடம் அதே பறவை அதே வலையில் விழுந்தபோது பதிவேட்டில் அதைக் காணோம், ஒரு மதியம் முழுக்கத் தேடினோம். குளிர்காலத்தைத் தெற்கே கழித்துவிட்டு அதே புதருக்குத் திரும்பிய பறவை அது! வளையம் போடுவதே அந்த இரண்டாவது சந்திப்புக்காகத்தான், என் கையெழுத்து அதைக் கெடுக்கப் பார்த்தது.

வளையம் போட்ட பறவை அன்றே இரண்டாம் முறை வலையில் விழுந்தால் எண்ணையும் நேரத்தையும் குறித்துவிட்டு அனுப்பிவிடுங்கள். வீட்டுக்குப் போனதும் கணுக்கால், முழங்கால் பின்புறம் எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள்.