போட்டோஷாப் இழுக்கிறதா? ரேம் வாங்க ஓடுவதற்கு முன்...

லேப்டாப்பில் போட்டோஷாப் ஹேங் ஆகிறது என்று சொன்னால் போதும், "ரேம் போட்டுடுங்க சார்" என்பார்கள். சில சமயம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் காரணம் தெரியாமல் காசை இறைப்பதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. காரணத்தை போட்டோஷாப்பே சொல்லும். திரையின் கீழே இடது ஓரத்தில் ஃபைல் அளவு காட்டும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கிறது. அதை அழுத்தி எஃபிஷியன்சியைத் தேர்ந்தெடுத்துவிட்டு வேலையைத் தொடருங்கள். 100% என்றே நின்றால் ரேம் போதுகிறது, கோளாறு வேறெங்கோ. அதற்குக் கீழே இறங்கினால், ரேம் பற்றாமல் டிஸ்க்கில் எழுதி எழுதிப் படிக்கிறது.

இறங்கினாலும் அவசரப்படாதீர்கள். முதலில் ஃபைலைப் பாருங்கள். 10-க்கு 8 அடி ஃப்ளெக்ஸை 300 ரெசல்யூஷனில் (ஒரு இன்ச்சுக்கு 300 பிக்சல்) திறப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 36,000 × 28,800 பிக்சல்! 8 பிட் ஆர்ஜிபியில் ஒரே ஒரு முழு லேயருக்கு 3 ஜிபிக்கு மேல். அதையே 72-இல் திறந்தால் சுமார் 180 எம்பி. ஏறக்குறைய 17 மடங்கு குறைவு. ரோட்டில் போகிறவர் பத்தடி தள்ளி நின்று பார்க்கும் பேனருக்கு அது போதும். பிஎஸ்டி ஃபைலில் ஒரு பக்கம் 30,000 பிக்சலைத் தாண்ட முடியாது. பேனர் வேலையில் அதைவிடப் பெரிய ஃபைலுக்கான பிஎஸ்பி (PSB) வடிவில்தான் சேமிக்க முடியும் என்ற நிலை வந்தாலே அளவைத் தப்பாகப் போட்டிருக்கிறோம் என்று சந்தேகப்படலாம்.

கல்யாண ஆல்பம் கதை வேறு. 12 × 36 இன்ச் ஷீட்டைக் கையில் வைத்துப் பார்ப்பார்கள், 300 வேண்டும். அங்கே பாரம் ஏற்றுவது வேறு பழக்கம்: தபால்தலை அளவு படத்துக்கும் 24 மெகாபிக்சல் ஒரிஜினலை அப்படியே ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக, அதாவது ஒரிஜினல் முழுசாக ஃபைலுக்குள்ளேயே தங்கும் லேயராகப் போடுவது.

போட்டோஷாப்பின் பெர்ஃபார்மன்ஸ் செட்டிங்கில் அது எடுத்துக்கொள்ளும் ரேம் அளவை 100%க்குத் தள்ளுவது இன்னொரு வினை. விண்டோஸுக்கு மூச்சுவிட இடமில்லாமல் மொத்தமும் தள்ளாடும். 85%க்கு மேல் போகாதீர்கள். ரேம் பற்றாதபோது போட்டோஷாப் எழுதிப் படிக்கும் டிரைவான ஸ்க்ராட்ச் டிஸ்க்கை நிரம்பி வழியும் சி டிரைவிலோ பழைய யுஎஸ்பி ஹார்டு டிஸ்க்கிலோ வைக்கவும் வேண்டாம்.

எஃபிஷியன்சி 100%, ஆனாலும் பிரஷ் திக்கித் திக்கிப் போகிறதா? சார்ஜர் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், பேட்டரியில் ஓடும்போது பல லேப்டாப்கள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மெத்தைமேல் வைத்தால் காற்றுத் துளை அடைபட்டு, சூடேறி, அப்போதும் வேகம் விழும். தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தும் போட்டோஷாப் அதைத் தொடாமலே ஓடலாம். விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் கிராபிக்ஸ் பகுதிக்குப் போய் போட்டோஷாப்புக்கு ஹை பெர்ஃபார்மன்ஸ் கொடுங்கள்.

நம் ஆட்களுக்கே உரிய தவறு ஒன்று உண்டு. கல்யாணப் பத்திரிகை அடிக்க என்று யாரோ பென் டிரைவில் கொடுத்த நூற்றுக்கணக்கான தமிழ் ஃபாண்ட்களை மொத்தமாக இன்ஸ்டால் செய்வது. மென்பொருள் திறக்கவும் ஃபாண்ட் பட்டியல் விரியவும் நேரம் இழுக்கும். உண்மையில் கை போவது இருபதுக்குத்தான்.

இத்தனைக்கும் பிறகு எஃபிஷியன்சி எண் இறங்கினால் ரேம் வாங்குங்கள். 8 ஜிபி ஸ்டிக் ஒன்று மட்டும் இருந்தால், ஜோடியாக இன்னொரு 8 போடுவது நல்லது. மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ரேம் போர்டோடு பற்றவைத்திருக்கும், மாற்றவே முடியாது. மாடல் நம்பரை வைத்து அதைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.