படபடப்பைத் தணிக்கும் சிரிப்பு

நெல்லை ஈரடுக்கு மேம்பாலத்தில் வண்டி நகராமல் ஆத்திரம் பொங்குகிறதா? கன்னம் மேலேறி, கண்ணோரம் சுருங்கும்படி ஒரு நிமிடம் முகத்தைச் சிரிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். படபடப்பு சீக்கிரம் அடங்கலாம். உதட்டை மட்டும் இழுத்தாலும் ஓரளவு உதவலாம், கண்ணும் சிரித்தால் இன்னும் நல்லது.

அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் 169 பேரை வைத்துச் சோதித்து, 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். பல்லிடுக்கில் குச்சியைக் கடிக்க வைத்துச் சிலரின் முகத்தைச் சிரிப்பாக்கி, பனிக்கட்டி நீரில் கையை வைக்கச் சொன்னார்கள். அதன்பின் இளைப்பாறும்போது, சிரித்த முகத்தாரின் இதயத் துடிப்பு மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. முகத்தசை அசைவே உடலைச் சற்று அமைதிப்படுத்துகிறது என்பது அவர்கள் கருத்து.

சிரித்தால் ஆயுள் கூடுமா? பழைய பேஸ்பால் வீரர்களின் படங்களைப் பார்த்து 2010-இல் ஓர் ஆய்வு அப்படிச் சொன்னது. 2018-இல் மறுபடி சோதித்தபோது அது உறுதிப்படவில்லை. அந்த நேரத்துப் படபடப்பு குறைவதே எனக்குப் பெரிய லாபமாகத் தெரிகிறது.

துக்கத்தில் இருப்பவரிடம் இதைச் சொல்லாதீர்கள். ரத வீதிக் கடைகளில் நாள் முழுக்க வாடிக்கையாளருக்காகச் சிரிக்கும் பிள்ளைகளுக்கு இது களைப்பையே கூட்டும். இரத்த அழுத்த மாத்திரையை இதை நம்பி நிறுத்தவே கூடாது.