உடம்பும் மனசும் ஒத்துழைக்காத நாட்களில் வேலைக்கு விண்ணப்பிப்பது எப்படி

எனக்கு பைபோலார் இருக்கிறது. தமிழில் இருமுனைக் கோளாறு என்று எழுதுவார்கள். சில காலம் மனம் மிகவும் சோர்ந்துபோகும், சில காலம் அளவுக்கு மீறி உற்சாகம் ஏறும். அதற்காக 9 வருடமாக லித்தியம் என்ற மாத்திரை சாப்பிடுகிறேன். கணக்குப் பிரிவில் வேலை. சப்ளையர் அனுப்பும் பில்களை ஆர்டரோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துப் பணம் போகச் செய்யும் பகுதி. நடுவில் மனச்சோர்வு கடுமையாக வந்து வேலையை விட வேண்டியதாயிற்று. 11 மாதம் கழித்து மறுபடி தேட ஆரம்பித்தேன். கிடைக்க இன்னும் 7 மாதம் ஆனது.

அந்த 7 மாதத்தில் எது உதவியது, எது என்னைக் கீழே தள்ளியது என்று இங்கே எழுதுகிறேன். உங்களுக்கு இருப்பது மூட்டுவாதமாக இருக்கலாம், பார்வைக் குறைவாக இருக்கலாம், பதற்ற நோயாக இருக்கலாம். பாதிக்கு மேல் உங்களுக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன். வேலை தேடும் முறை முழுக்க, தினமும் ஒரே அளவு தெம்போடு எழுந்திருக்கிறவர்களை மனதில் வைத்து அமைந்தது. நமக்குத் தெம்பு அப்படி வருவதில்லை.

முதலில் ஒரு மூலக் கோப்பு

ஒரு மாலை, ஆன்லைன் படிவம் ஒன்றில் ‘முந்தைய பணியில் சேர்ந்த தேதி’ என்ற கட்டத்துக்கு முன்னால் 40 நிமிடம் உட்கார்ந்திருந்தேன். தேதி எனக்குத் தெரியாததல்ல. பீரோவில் அப்பாயின்ட்மென்ட் லெட்டர் இருந்தது. எழுந்து போய் எடுக்க முடியவில்லை. கடைசியில் எழுந்து எடுத்து வந்தபோது, நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லி அந்தத் தளம் என்னை வெளியே தள்ளியிருந்தது. அதுவரை எழுதியது எல்லாம் போயிற்று. அன்றைக்கு அழுதேன். அடுத்த 9 நாள் லேப்டாப்பைத் திறக்கவே இல்லை.

அதற்குப் பிறகு, கொஞ்சம் தெளிவாக இருந்த இரண்டு நாட்களைத் தேர்ந்தெடுத்து ஒரே ஒரு கோப்பைத் தயார் செய்தேன். ஒவ்வொரு வேலையிலும் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவியின் பெயர், நிறுவன முகவரி, படிப்பு, மதிப்பெண், சான்றிதழ் எண்கள், பரிந்துரைக்கச் சம்மதித்தவர்களின் தொலைபேசி எண், எல்லாம் அதில். கீழே, எல்லாப் படிவங்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்குப் பதில்கள்: ஏன் இந்த வேலை, முன்பு சந்தித்த ஒரு சிக்கலை எப்படித் தீர்த்தீர்கள், உங்கள் பலம் என்ன. ஒவ்வொன்றுக்கும் ஒரு நீளமான பதில், ஒரு சின்னப் பதில். தங்கையிடம் ஒருமுறை படித்துக் காட்டித் திருத்திக்கொண்டேன்.

மோசமான நாளில் யோசித்து எழுத வராது. ஆனால் ஒரு பத்தியை எடுத்து இன்னொரு இடத்தில் ஒட்ட வரும். அந்த வித்தியாசம்தான் என்னைக் காப்பாற்றியது. எந்தப் படிவத்தையும் நேராக அதன் கட்டத்தில் எழுதாதீர்கள். கோப்பில் எழுதிவிட்டு ஒட்டுங்கள். இணையதளங்களை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த முடிய வேண்டும் என்பதற்கான சர்வதேச அணுகல்தன்மை நெறிகளில், நேரக் கெடு இருந்தால் பயனர் அதை நீட்டிக்க வழி இருக்க வேண்டும் என்று ஒரு விதியே உண்டு. நிறைய வேலைவாய்ப்புத் தளங்கள் அதை மதிப்பதில்லை.

ரெஸ்யூமை ஒரே பத்தி வரிசையில், சாதாரண எழுத்துருவில் வையுங்கள். விண்ணப்பங்களை முதலில் மென்பொருள் படிக்கும் இடங்களில், இரண்டு வரிசையாகப் பிரித்த பக்கமும் அட்டவணையும் தாறுமாறாகப் போய்ச் சேரலாம். திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களுக்கும் இந்த எளிய வடிவம்தான் வசதி. கை வலி உள்ளவர்கள், விண்டோஸ் 11 கணினி என்றால் விண்டோஸ் விசையையும் ஹெச் எழுத்தையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். பேசினால் அதுவே தட்டச்சு செய்யும்.

வேலையை நாளுக்கு ஏற்ற அளவில் வெட்டுங்கள்

ஒரு விண்ணப்பம் என்பது ஒரே வேலை இல்லை. அதற்குள் ஏழெட்டு வேலைகள் இருக்கின்றன. நான் அவற்றை ஒரு தாளில் சின்னது, நடுத்தரம், பெரியது என்று பிரித்து மேசைக்கு எதிரே ஒட்டியிருந்தேன். ஒரு விளம்பரத்தைப் படித்து அதன் இணைப்பையும் கடைசித் தேதியையும் குறித்து வைப்பது சின்னது. ரெஸ்யூமில் இரண்டு வரியை அந்த வேலைக்கு ஏற்ப மாற்றுவது நடுத்தரம். ரெஸ்யூமோடு அனுப்பும் கடிதத்தை, அதாவது கவர் லெட்டரை, எழுதுவது பெரியது. தொலைபேசியில் பேசுவது எனக்கு எப்போதும் பெரியது. உங்களுக்கு அது சின்னதாக இருக்கலாம், உங்கள் தாளை நீங்களே எழுதுங்கள்.

காலையில் எழுந்ததும் இன்றைக்கு எந்த அளவு முடியும் என்று மட்டும் கேட்டுக்கொள்வேன். இரவில் சாப்பிடும் மாத்திரையால் எனக்குக் காலை 10:30 வரை தலை கனமாகவே இருக்கும். அதனால் பெரிய வேலைகள் எல்லாம் 11 மணிக்கு மேல்தான். ஒரு சின்ன வேலை செய்த நாளையும் நோட்டில் எழுதினேன். எத்தனை பதில் வந்தது என்பதை நான் எண்ணவில்லை, அது என் கையில் இல்லை. நான் அனுப்பியதை மட்டும் எண்ணினேன். வாரத்துக்கு 3 என்று வைத்திருந்தேன். சில வாரம் 1. சில வாரம் எதுவும் இல்லை, அந்தப் பக்கங்களில் ‘உடம்பு சரியில்லை’ என்று மட்டும் இருக்கிறது.

தெம்பு அதிகமான நாளிலும் கவனம்

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சோர்வைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். மூன்றாவது மாதத்தில் ஒரு வாரம் எனக்குத் தூக்கம் குறைந்தது, உற்சாகம் ஏறியது. குணமாகிவிட்டேன் என்று நம்பினேன். ஒரே ராத்திரியில் 23 விண்ணப்பம் அனுப்பினேன். ஒரே நிறுவனத்துக்கு 3 வெவ்வேறு பதவிகளுக்கு. அதில் ஒன்று, எனக்குக் கொஞ்சமும் அனுபவம் இல்லாத நிதி மேலாளர் பதவி. அதிகாலை 3:40க்குப் போன ஒரு கவர் லெட்டரை அடுத்த வாரம் படித்தபோது உடம்பே கூசியது. 2 பக்கம், ஒரே மூச்சில், முற்றுப்புள்ளியே இல்லாமல்.

அன்றிலிருந்து ஒரு விதி: இரவு 9 மணிக்கு மேல் எழுதலாம், அனுப்பக் கூடாது. ஒரு நாளில் 2க்கு மேல் அனுப்பக் கூடாது. தொடர்ந்து இரண்டு இரவு 5 மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கினால், விண்ணப்பத்தை மூடிவிட்டு டாக்டருக்கு போன். நாட்பட்ட வலி, களைப்பு உள்ளவர்களுக்கும் இதே பள்ளம் வேறு உருவத்தில் உண்டு. நன்றாக இருக்கும் நாளில் எல்லாவற்றையும் முடித்துவிட்டு, அடுத்த 4 நாள் படுக்கையில் கிடப்பது. நல்ல நாளிலும் கொஞ்சம் மீதி வையுங்கள்.

இடைவெளிக்கு ஒரு வரி போதும்

என் 11 மாத இடைவெளிக்காக விதவிதமான கதைகளை யோசித்தேன். கடைசியில் எழுதியது இவ்வளவுதான்: ‘உடல்நலக் காரணங்களால் பணியிலிருந்து விலகியிருந்தேன், தற்போது பணிபுரியத் தயாராக உள்ளேன்.’ இன்டர்வியூவில் கேட்டால் அதே வரியைச் சொல்லிவிட்டு, அந்தக் காலத்தின் கடைசியில் முடித்த ஒரு எக்செல் பயிற்சியைப் பற்றிப் பேசினேன். இந்த வரியைச் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். முதல் பத்து தடவை எனக்குக் குரல் உடைந்தது. அப்புறம் அது வெறும் ஒரு வரி ஆகிவிட்டது.

சொல்வதா, வேண்டாமா

ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான உடன்படிக்கை 2006இல் நிறைவேறியது. அதன் 27ஆவது பிரிவு வேலை பற்றியது. பணியிடத்தில் நியாயமான வசதி செய்து தர வேண்டும் என்கிறது. பெரும்பாலான நாடுகள் அதை ஏற்றிருக்கின்றன. இந்தியாவின் 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. மனநோயும் அதில் ஒன்று. அமெரிக்காவில் 1990 சட்டத்தின்படி, வேலை தருவதாகச் சொல்வதற்கு முன் விண்ணப்பதாரருக்குக் குறைபாடு இருக்கிறதா என்று கேட்கக் கூடாது. பிரிட்டனின் 2010 சட்டமும், சில விலக்குகளோடு, அந்தக் கட்டத்தில் உடல்நலக் கேள்விகளைத் தடுக்கிறது. உங்கள் நாட்டில் என்ன விதி என்பதை விண்ணப்பிக்கத் தொடங்கும் முன்பே ஒருமுறை படித்துவிடுங்கள். இட ஒதுக்கீட்டில் விண்ணப்பிப்பதாக இருந்தால் சான்றிதழ் தேவைப்படும், அப்போது மறைக்க வழியில்லை, மறைக்கவும் தேவையில்லை.

மற்றபடி என் கருத்து உறுதியானது: நோயின் பெயரைச் சொல்லாமல், தேவையைச் சொல்லுங்கள். முதல் விண்ணப்பத்தில் எதுவும் வேண்டாம். நேர்காணலுக்கு அழைத்த பிறகு, அங்கே ஏதாவது வசதி தேவைப்பட்டால் மட்டும் கேளுங்கள். நான் அனுப்பிய மின்னஞ்சல் இது:

‘நேர்காணல் அழைப்புக்கு நன்றி. மருத்துவக் காரணங்களால் எனக்குக் காலை 11 மணிக்குப் பிந்தைய நேரம் ஏற்றதாக இருக்கும். எழுத்துத் தேர்வு இருந்தால், கையால் எழுதாமல் கணினியில் தட்டச்சு செய்ய அனுமதி வேண்டுகிறேன்.’

5 இடங்களுக்கு அனுப்பினேன். 4 இடங்களில் மறுபேச்சு இல்லாமல் சரி என்றார்கள். ஒரு இடத்திலிருந்து பதிலே வரவில்லை. அங்கே வேலை பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு அதிலேயே தெரிந்துவிட்டது.

கேட்கும்போது துல்லியமாகக் கேளுங்கள். சக்கர நாற்காலியில் செல்லும் என் தோழி, ‘உங்கள் அலுவலகத்தில் வசதி இருக்கிறதா’ என்று ஒருமுறை கேட்டாள். இருக்கிறது என்றார்கள். போய்ப் பார்த்தால் லிஃப்ட் இருந்தது, லிஃப்டுக்குப் போக 3 படி இருந்தது. இப்போது அவள், ‘வாசலிலிருந்து நேர்காணல் அறைக்கும் கழிப்பறைக்கும் ஒரு படிகூட இல்லாமல் வர முடியுமா, கதவுகளின் அகலம் எவ்வளவு’ என்று கேட்கிறாள். கேட்கும் திறன் குறைந்தவர்கள் வீடியோ நேர்காணலில் வசனவரி ஓடுமா என்று கேட்கலாம். நேரக் கெடு உள்ள தேர்வு என்றால் கூடுதல் நேரம் கேட்கலாம்.

சொல்லாமல் இருப்பதும் பொய் சொல்வதும் வேறு வேறு. வேலை உறுதியான பிறகு மருத்துவப் படிவம் தந்து நேராகக் கேட்டால், பொய் எழுதாதீர்கள். பின்னால் அதுவே உங்களுக்கு எதிராக நிற்கும்.

நேர்காணல் நாள்

முதல் நேர்காணலுக்கு முந்தின இரவு, காலையில் தலை தெளிவாக இருக்க வேண்டும் என்று மாத்திரையை விட்டேன். தூக்கம் வரவில்லை. காலையில் பேச்சு ஓடியது, கேள்வி முடியும் முன்னே பதில் சொன்னேன். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். லித்தியத்தைத் திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்பும் அபாயம் அதிகம். காலையில் தூக்கக் கலக்கம் தொந்தரவாக இருந்தால் ஒரு மாதம் முன்பே டாக்டரிடம் மாத்திரை நேரத்தை மாற்றலாமா என்று கேளுங்கள். எனக்கு அவர் இரவு 10 மணி மாத்திரையை 8 மணிக்கு மாற்றினார்.

லித்தியத்தால் என் கை நடுங்கும். பதற்றத்திலும் காபி குடித்தாலும் கூடும். நான் கடைசியாகப் போன நேர்காணலில், முன்பே எழுதிக் கேட்டிருந்தும், ஒரு தாளையும் பேனாவையும் நீட்டி, ‘இந்த 6 பில்லில் எங்கே தப்பு என்று குறித்துக் கொடுங்கள்’ என்றார்கள். பேனாவை எடுத்ததும் முனை தாளில் தட்டும் சத்தம் எனக்கே கேட்டது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “சார், எனக்குக் கை கொஞ்சம் நடுங்கும். டைப் செய்து தரலாமா?” என்று கேட்டேன். அவர், “ஓ, அதைத்தான் மெயிலில் எழுதியிருந்தீர்களா, மறந்துவிட்டேன்” என்று தன் லேப்டாப்பை என் பக்கம் திருப்பி வைத்தார். நான்காவது பில்லில் வரித் தொகை இரண்டு முறை கூட்டப்பட்டிருந்தது. அந்த வேலையில்தான் இப்போது இருக்கிறேன்.

நேர்காணலுக்கு அடுத்த நாளை முழுக்கக் காலியாக வையுங்கள்.

‘இல்லை’ என்ற பதில்கள்

வேலை தேடலுக்கென்று தனி மின்னஞ்சல் முகவரி வைத்தேன். போனில் அதன் அறிவிப்பு வராது. புதன் மாலை 4 மணிக்குத் தங்கை வந்து திறப்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். “அக்கா, மூணு வந்திருக்கு. ரெண்டு இல்லைன்னு சொல்லிட்டாங்க. ஒண்ணு வரச் சொல்லியிருக்கு.” அவள் குரலில் கேட்கும்போது அது செய்தியாக மட்டும் இருந்தது. தனியாக இரவில் படித்தபோது அது என்னைப் பற்றிய தீர்ப்பாக இருந்தது. அவசரமான அழைப்பு தவறிவிடும் என்று பயந்தால், கூட இருப்பவர் நடுவில் ஒருமுறை பார்த்து, அழைப்பு இருந்தால் மட்டும் சொல்லட்டும்.

நிராகரிப்புக்குப் பிறகு வாழ வேண்டாம் என்ற எண்ணம் வந்தால், அன்றைக்கு வேலை தேடல் முடிந்தது. லேப்டாப்பை மூடுங்கள். வீட்டில் ஒருவரிடம் அந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள், டாக்டரிடம் போங்கள். ஐந்தாவது மாதத்தில் நான் அதைச் செய்தேன். மூன்று வாரம் எதுவும் அனுப்பவில்லை. அந்த மூன்று வாரத்தில் நான் இழந்த வேலை எதுவும் இல்லை.

கையெழுத்துப் போடும் முன்

வேலை தருகிறோம் என்று சொன்னதும் உடனே ஒப்புக்கொள்ளத் தோன்றும். ஒரு நாள் கேளுங்கள். மருந்து மாறும் வாரத்தில் சேராதீர்கள். முதல் மூன்று மாதத்தில் எந்தெந்த நாட்களில் டாக்டரிடம் போக வேண்டும், எப்போது ரத்தப் பரிசோதனை என்று எழுதிக்கொண்டு, சேரும் தேதியைப் பேசும் அதே உரையாடலில் அந்தத் தேதிகளையும் கேட்டு வாங்குங்கள். ரத்தத்தில் லித்தியம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் பரிசோதனைக்கான ரத்தத்தைக் கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து எடுக்க வேண்டும். இரவு 8 மணிக்கு மாத்திரை போடும் எனக்கு அது காலை 8 மணி. அந்த நாட்களில் மட்டும் ஒரு மணி நேரம் தாமதமாக வருகிறேன் என்று கேட்டேன். ஹெச்.ஆர். காலண்டரைத் திறந்து, தேதிகளைச் சொல்லுங்கள் என்றார்.