‘ஏலாட்டி இறங்குங்கோ’: பதகளிப்புக்கும் மனச்சோர்வுக்கும் துணை நிற்பவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் பரந்தன் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றேன். முல்லைத்தீவுப் பக்கமிருந்து வந்த பஸ் ஒன்று நின்றதும், எங்களிடம் பயிற்சிக்கு வந்த பிள்ளை ஒருத்தி ஒரு தாயின் கையைப் பிடித்து அவசரமாக இறக்கினாள். தாயின் முகமெல்லாம் வியர்வை. விரல்கள் விறைத்து உள்ளே மடங்கியிருந்தன. பிள்ளை அவரை நிழலில் இருத்தி, கிளினிக் கொப்பியால் விசிறிக்கொண்டே, “இனித் தனிய பஸ்ஸில வராதேங்கோ அம்மா, நான் வந்து கூட்டிக்கொண்டு போறன்” என்றாள்.

அந்தக் குரலில் அவ்வளவு அன்பு இருந்தது. 2011இல் நான் இன்னொருவரிடம் சொன்னதும் இதே வார்த்தைகள்தான். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

உளசமூகப் பணிக்குப் புதிதாக வருகிறவர்களுக்கும், வீட்டில் ஒருவருக்குத் துணையாக இருக்கிற அம்மாமார், அண்ணன்மார், மனைவிமாருக்கும் இதை எழுதுகிறேன். ஏசக்கூடாது, ‘விசர்’ என்று சொல்லக்கூடாது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். நல்ல மனதோடு செய்கிற பிழைகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

‘நெஞ்சுவருத்தம் இல்லை’ என்று நீங்களே தீர்ப்புச் சொல்வது

பதகளிப்புத் தாக்கம் (திடீரென்று உச்சத்துக்கு ஏறும் பயம், panic attack) வந்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும், மூச்சு முட்டும், தலை சுற்றும், விரலும் உதடும் விறைக்கும். இந்த நிமிடமே செத்துப்போவேன் என்று தோன்றும். மாரடைப்பிலும் இவற்றில் பாதி வரும். எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் வெறும் கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. அதனால் முதல் தடவை என்றால் வைத்தியசாலைக்குப் போகவேண்டும், ஈசிஜி எடுக்கவேண்டும். தைரொயிட் கூடினாலும் இரத்தச்சோகை இருந்தாலும்கூட நெஞ்சு படபடக்கும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். நாற்பது தாண்டியவர், சீனி வருத்தம் உள்ளவர், நோ கைக்கோ தாடைக்கோ பரவுகிறது என்பவர் என்றால் யோசிக்காமல் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு எடுங்கள்.

சரி, வைத்தியர் வடிவாகச் சோதித்து இதயத்தில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகும் அதே மாதிரி வருகிற ஒவ்வொரு படபடப்புக்கும் ஈசிஜி எடுக்க ஓடுவது, கீழே நான் சொல்லப்போகும் பெரிய பிழையின் இன்னொரு முகம்.

பொலித்தீன் பைக்குள் மூச்சு விடச் சொல்வது

வேண்டாம். ஆஸ்துமாவோ இதய நோயோ உள்ளவருக்கு உயிராபத்து.

‘ஏலாட்டி இறங்குங்கோ’

விசுவமடுப் பக்கம் ஒரு இளம் தாய். கணவர் இல்லை. மகளுக்குப் பத்து வயது. மெனிக்பாம் அகதி முகாமிலிருந்து திரும்பி வந்து, தறப்பாள் போட்ட கொட்டிலில் இருந்தார்கள். கிளிநொச்சிக்குப் போகும் பஸ்ஸில் அவருக்கு முதல் தாக்கம் வந்தது. வைத்தியசாலையில் எல்லாம் பார்த்து, பதகளிப்பு என்று சொல்லி எங்களிடம் அனுப்பினார்கள். நான் வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

“திரும்ப வந்தா என்ன செய்யிறது அக்கா?” என்று கேட்டார்.

“ஏலாட்டி உடன இறங்குங்கோ. தனிய போகாதேங்கோ. ஆரையும் கூட்டிக்கொண்டு போங்கோ” என்றேன்.

அவர் நான் சொன்னபடியே செய்தார். அடுத்த பஸ்ஸில் நெஞ்சு படபடத்ததும் தருமபுரத்தில் இறங்கினார். இறங்கி இரண்டு நிமிடத்தில் சுகமாகிவிட்டது. அந்தச் சுகம்தான் நஞ்சு. ‘இறங்கினபடியால் தப்பினேன்’ என்று உடம்பு பாடம் படித்துவிட்டது. அதற்கடுத்த தடவை பஸ்ஸுக்குள் ஏறவே முடியவில்லை. பிறகு சந்தைக்குப் போவது நின்றது, பிறகு சங்கக்கடை. மூன்று மாதத்தில், பொழுதுபட்டால் கிணற்றடிக்குப் போகவும் துணை வேண்டும் என்ற நிலை. துணைக்கு யார் இருக்கிறார்கள்? அந்தப் பத்து வயதுப் பிள்ளைதான். “தனிய போகாதேங்கோ” என்று நான் சொன்னதால் அவள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தாயின் பக்கத்தில் இருந்தாள். அந்த வருடம் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதவேண்டியவள். எழுதவில்லை. அடுத்த வருடம் எழுதலாம் என்றால் அது அப்படிப்பட்ட பரீட்சையும் இல்லை.

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. ஒரு வசனம் ஒரு வீட்டை அப்படி முடக்கியது.

ஏன் இப்படி ஆகிறது என்பதை விளங்கிக்கொள்ளுங்கள். பதகளிப்புத் தாக்கம் தானாகவே ஏறித் தானாகவே இறங்கும். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய்விடும், அரை மணித்தியாலத்துக்குள் அடங்கத் தொடங்கிவிடும். உச்சியில் நிற்கும்போது ஓடிவிட்டால், அது தானாக இறங்குவதை அந்த மனிதர் ஒருநாளும் காணமாட்டார். காணாதவரை அடுத்த பயம் பெரிதாகும்.

போர் நடந்த வன்னியில் இது இன்னும் கடினம். இங்கே ஓடினவர்கள்தான் உயிரோடு இருக்கிறார்கள். கிபிர் போர் விமானத்தின் சத்தம் கேட்டதும் பங்கருக்குள் பாய்ந்தவர் தப்பினார், யோசித்துக்கொண்டு நின்றவர் தப்பவில்லை. அந்தப் பாடத்தை உடம்பு சரியாகத்தான் படித்தது. ஆனால் பஸ்ஸுக்குள் கிபிர் இல்லை. உடம்புக்கு அது தெரியாது. அதற்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்கிற வேலை எங்களுடையது. நாங்களும் சேர்ந்து ‘ஓடுங்கோ’ என்றால் பிறகு யார் கற்றுக்கொடுப்பது?

அந்தத் தாயைத் திரும்பவும் பஸ்ஸில் ஏற்ற நாலு மாதம் எடுத்தது. அனுபவமுள்ள ஒரு மூத்த அக்கா வழிகாட்டினார். முதலில் படலைவரை. பிறகு ஒழுங்கை முடியும்வரை. பிறகு பஸ் தரிப்பிடத்தில் நின்று இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டுத் திரும்புவது. பிறகு ஒரு தரிப்பிடம், பிறகு இரண்டு. எந்தப் படி, எப்போது என்பதை அந்தத் தாய்தான் சொல்வார், நான் தள்ளுவதில்லை. ஒரே ஒரு விதி: பயம் பாதியாகக் குறையும் வரைக்கும் நின்ற இடத்தை விட்டு அசைவதில்லை. பயத்துக்குப் பத்துக்கு எத்தனை புள்ளி என்று கேட்பேன். கொப்பியின் பின் மட்டையில் எழுதுவார். முதல் நாள் தரிப்பிடத்தில் ஒன்பது. கால் மணித்தியாலத்தில் ஏழு. பிறகு நாலு. அதை எழுதும்போது பேனை பிடித்த கை நடுங்கவில்லை என்பதை அவரே பார்த்துவிட்டு, என்னைப் பார்த்தார்.

பஸ்ஸில் முதலில் பக்கத்தில் இருந்தேன். அப்புறம் இரண்டு இருக்கை பின்னால். அப்புறம் பரந்தனில் போய்க் காத்து நின்றேன். கடைசியில் கிளிநொச்சிக்குப் போய்விட்டு வந்து சொன்னார்.

இதில் ஒளிந்து கிடக்கும் இன்னொரு பொறி உண்டு. தண்ணீர்ப் போத்தல் இல்லாமல் வெளிக்கிடமாட்டார்கள். முந்தானையில் அரைக் குளிசை முடிந்திருக்கும். யன்னல் ஓரம் மட்டும்தான் இருப்பார்கள். இவையும் சின்னச் சின்ன இறங்குதல்கள்தான். முதல் நாளே பிடுங்கவேண்டாம். ஆனால் எப்போதாவது ஒருநாள் போத்தலும் வீட்டில் நிற்கவேண்டும். மூச்சுப் பயிற்சியும் அப்படித்தான். சூடான தேத்தண்ணியை ஊதி ஆற்றுவதுபோல மெதுவாக, நீளமாக மூச்சை வெளியே விடச் சொல்லுங்கள். வேகவேகமாக மூச்சிழுப்பதால் இரத்தத்தில் கரியமிலவாயு குறைந்துதான் விரல் விறைக்கிறது, மெதுவாக விட்டால் அது சரியாகும். ஆனால் மூச்சுப் பயிற்சி செய்யாவிட்டால் செத்துவிடுவேன் என்று அவர் நம்பத் தொடங்கினால், நீங்கள் கொடுத்தது இன்னொரு தாயத்து.

தாக்கம் வந்துவிட்டதா? “இது பதகளிப்பு. போன முறையும் வந்தது, போனது. மணியைப் பாப்பம். நான் பக்கத்தில இருக்கிறன்.” இவ்வளவு போதும்.

ஒரு எச்சரிக்கை. சிலருக்குப் பழைய இடம் அப்படியே கண்ணுக்குள் வந்து, தாங்கள் எங்கே நிற்கிறோம் என்பதே தெரியாமல் போகும். அவர்களோடு இந்தப் படிமுறையை நீங்கள் தனியாகத் தொடங்கவேண்டாம். உளநலப் பிரிவுக்கு அனுப்புங்கள்.

தேத்தண்ணியைப் பற்றிக் கேட்காமல் விடுவது

ஒருநாளைக்கு எத்தனை சாயத் தேத்தண்ணி, எத்தனை கோப்பி? கேளுங்கள். படபடப்பைக் கூட்டும்.

கதையைக் கிளறுவது

2009இல் போர் முடிந்த பிறகு முகாமிலும் ஊரிலும் படிவத்தோடு வந்தவர்கள் எத்தனை பேர்! ஒரே தாய் ஒரே சாவை ஏழெட்டுப் பேருக்குச் சொல்லியிருக்கிறார். ‘அழுதால் பாரம் குறையும்’ என்று நாங்களும் நம்பினோம். ஒரே அமர்வில் நடந்ததையெல்லாம் சொல்லவைக்கும் முறையை உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைப்பதில்லை. அவராகச் சொன்னால் கடைசிவரை இருந்து கேளுங்கள், இடையில் எழும்பாதீர்கள். சொல்லாவிட்டால் இன்றைக்கு என்ன சமைத்தார், பிள்ளை பள்ளிக்கூடம் போனாளா என்று கேளுங்கள். போரின் கடைசி நாட்களின் நினைவு வரும் மே மாதத்தில் இதில் இரட்டிப்புக் கவனம் தேவை.

‘யோசியாதேங்கோ’

எங்கள் ஆட்கள் ‘எனக்கு மனச்சோர்வு’ என்று வந்து சொல்லமாட்டார்கள். கை கால் உளைவு, தலையிடி, நித்திரை இல்லை, ‘ஒரே யோசனை’ என்பார்கள். இரண்டு கிழமைக்கு மேல் பெரும்பாலான நாட்களில் இப்படி இருந்து, முன்பு விருப்பமாகச் செய்ததிலும் மனம் செல்லவில்லை என்றால், அது மனச்சோர்வாக இருக்கலாம் என்று எண்ணி உளநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். அவரிடம் போய் யோசியாதேங்கோ என்பது, காய்ச்சல்காரனிடம் சுடாதே என்பது மாதிரி.

அதைவிடப் பெரிய பிழை, ‘மனம் சரியானதும் வேலையைத் தொடங்கலாம்’ என்று அவரைப் படுக்க விடுவது. மனச்சோர்வில் வரிசை தலைகீழ். கை அசைந்தால்தான் பிறகு மனம் அசையும். ஒரு ஐயாவுக்குத் தோட்டம் முழுவதையும் பார்க்கச் சொல்லாமல், கிணற்றடியில் நிற்கும் நாலு மிளகாய்க் கன்றுக்கு மட்டும் காலையில் தண்ணீர் ஊற்றச் சொன்னோம். விருப்பமில்லாவிட்டாலும் ஊற்றவேண்டும், அவ்வளவுதான். மூன்றாம் கிழமை போனபோது அவர் ஐந்தாவது கன்றுக்குப் பாத்தி கட்டியிருந்தார், நாங்கள் சொல்லாமலே.

கையில் கட்டின நூலை அறுக்கச் சொல்வது

விடுங்கள். வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்தது அவருக்குப் பலம். குளிசையை நிறுத்தச் சொல்கிறவரோடு மட்டும் பேசினால் போதும்.

‘சுகம் வந்திட்டுது, இனிக் குளிசை ஏன்?’

மனச்சோர்வுக்கான குளிசை வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நாலு கிழமை ஆகும். முதல் கிழமையில் குமட்டலும் பதற்றமும் கொஞ்சம் கூடலாம். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் ஐந்தாம் நாள் குளிசை குப்பைக்குள் போகும். சுகம் வந்த பிறகும் பல மாதங்கள் தொடரவேண்டும், எத்தனை மாதம் என்பதை வைத்தியர் சொல்வார். குளிசை எடுப்பவர் தானாக ஒரேயடியாக நிறுத்தினால் தலைச்சுற்றும் எரிச்சலும் வரலாம், வருத்தம் திரும்பவும் வரலாம். ‘இது பழகிப்போகும் குளிசை’ என்று பயப்படுகிறவர்களுக்கு: பழக்கமாகக்கூடியது டயசிபாம் போன்ற நித்திரைக் குளிசை வகை, அதை நீண்ட நாளைக்கு எடுக்கக்கூடாது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள். குடியும் இதோடு சேரக்கூடாது. கசிப்பு அன்றிரவு நித்திரை தரும், அடுத்த காலை இரட்டிப்புப் பதற்றம் தரும்.

சாவைப் பற்றிக் கேட்கப் பயப்படுவது

புதியவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் நாக்கைக் கடிக்கிறார்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தைப் புகுத்திவிடுவோமோ என்ற பயம். கேட்பதால் எண்ணம் வராது. ஏற்கெனவே இருப்பவருக்கு, ஒருவராவது கேட்டாரே என்று மூச்சு விட இடம் கிடைக்கும். சுற்றி வளைக்காமல் கேளுங்கள்: “அம்மா, செத்துப்போனா நல்லம் எண்டு நினைக்கிறீங்களோ? ஏதும் செய்யிற யோசனை இருக்கோ?”

ஆம் என்றால் அவரைத் தனியே விடாதீர்கள். அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கம் இருபத்துநாலு மணித்தியாலமும் இருக்கிறது. எங்கள் ஊர்களில் தோட்டம் செய்யாத வீடு குறைவு, அதனால் வீட்டில் பூச்சிமருந்து இருக்கிறதா என்று பாருங்கள். 1995இல் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையில் இறந்தார்கள். கொடிய பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடைசெய்த பிறகு அந்த எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது. மனம் மிக மோசமாக இருக்கும் நேரம் பெரும்பாலும் குறுகியது. அந்த நேரத்தில் கைக்கெட்டும் இடத்தில் அது இல்லாவிட்டால் அவர் மறுநாளைப் பார்ப்பார்.

அயல்வீட்டு அண்ணையிடம் போத்தல்களைக் கொடுத்துப் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். திறப்பு அவரிடமே இருக்கட்டும். போத்தல் எங்கே போனது, யார் சொல்லி எடுத்தோம் என்பதை அந்தத் தாயிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டு எடுங்கள்.