மெடிகேர் பார்ட் டி: பிரீமியத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்

அமெரிக்காவில் 65 வயது ஆனவர்களுக்கான அரசுக் காப்பீடு மெடிகேர். அதில் மருந்துச் செலவைப் பார்த்துக்கொள்வது பார்ட் டி. விதிகள் அரசுடையவை, பிளான்களை விற்பது தனியார் நிறுவனங்கள். கிரீன் கார்டில் வந்து 5 ஆண்டுகள் தொடர்ந்து வசித்த பெற்றோரும் பணம் கட்டி மெடிகேரில் சேரலாம் என்பதால், நம் வீடுகளில் பிளான் பார்க்கும் வேலை பெரும்பாலும் பிள்ளைகள் தலையில்தான் விழுகிறது.

அவர்கள் முதலில் பார்ப்பது மாதப் பிரீமியம். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. பிரீமியமே இல்லாத பிளானில்கூட டிடக்டிபிள், அதாவது பிளான் பணம் தரத் தொடங்குமுன் நாம் கட்ட வேண்டிய தொகை, 2026-இல் 615 டாலர் வரை இருக்கலாம். அப்பாவின் மாத்திரை அந்தப் பிளான் பணம் தரும் மருந்துகளின் பட்டியலிலேயே இல்லாமல் போகலாம். 2026-இல் மருந்துக்கு 2,100 டாலருக்கு மேல் கைக்காசு போகாது என்ற உச்சவரம்பு உண்மைதான். ஆனால் பட்டியலில் இல்லாத மருந்துக்குக் கொடுத்த பணம் அந்தக் கணக்கில் சேராது.

ஆகவே மெடிகேர் தளத்தின் பிளான்களை ஒப்பிட்டுக் காட்டும் பிளான் ஃபைண்டரில் மருந்துகளின் பெயர்களை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். மாத்திரைப் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டுதான் இதைச் செய்ய வேண்டும். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மினையே எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண வகை உண்டு, மெதுவாகக் கரையும் இஆர் வகையும் உண்டு. அந்த இஆரிலும் குளூக்கோஃபேஜ் எக்ஸ்ஆர் என்ற பிராண்டின் ஜெனரிக் (பிராண்ட் பெயர் இல்லாத அதே மருந்து) மலிவு. குளூமெட்ஸா என்ற இன்னொரு பிராண்டின் ஜெனரிக் விலை பல மடங்கு. இரண்டுமே 500 மில்லிகிராமில் கிடைக்கும். தவறான மருந்துப் பெயரைத் தட்டிவிட்டால் கணக்கு மொத்தமும் தப்பாகிவிடும். அப்புறம் நீங்கள் வழக்கமாகப் போகும் பார்மசியையும் சேர்த்து, ஆண்டு முழுவதற்குமான மொத்தச் செலவை ஒப்பிடுங்கள். ஒரே பிளானில் ஒரே மாத்திரைக்குக் கடைக்குக் கடை விலை மாறும்.

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஒரே பிளான் என்று முடித்துவிடுவதும் வேண்டாம். பார்ட் டியில் குடும்ப பிளான் என்று ஒன்று கிடையாது. மருந்து வேறு என்றால் பிளானும் வேறாக இருக்கட்டும்.

“இப்போது ஒரு மாத்திரையும் இல்லையே, எதற்குக் காசு?” என்று கேட்பவர்களும் உண்டு. சேர வேண்டிய காலம் முடிந்த பிறகு, ஈடான வேறு மருந்துக் காப்பீடு இல்லாமல் தொடர்ந்து 63 நாள் போனாலே அபராதம்: விட்ட ஒவ்வொரு மாதத்துக்கும், அரசு ஆண்டுதோறும் அறிவிக்கும் தேசிய அடிப்படைப் பிரீமியத்தில் 1 சதவீதம். 2026-இல் அந்தப் பிரீமியம் 38.99 டாலர். 20 மாதம் விட்டவர் மாதம் 7.80 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும். பார்ட் டி இருக்கும்வரை இது விடாது. அடிப்படைப் பிரீமியம் ஏறினால் இதுவும் ஏறும். வருமானம் குறைவாக இருந்து ‘எக்ஸ்ட்ரா ஹெல்ப்’ என்ற அரசு உதவி கிடைத்தால் அபராதம் இல்லை, பிரீமியமும் குறையும். விண்ணப்பிக்கக் கூச்சப்பட ஒன்றுமில்லை.

சென்ற ஆண்டு நன்றாக இருந்த பிளானை அப்படியே விட்டுவிடுவதும் ஆபத்துதான். செப்டம்பர் கடைசிக்குள் பிளானிடமிருந்து வரும் மாற்ற அறிவிப்பைக் குப்பையில் போடாமல் படியுங்கள். அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை மாற்றிக்கொள்ளலாம், ஜனவரி 1 முதல் அமலாகும். குழப்பம் என்றால் ஒவ்வொரு மாநிலத்திலும் ‘ஷிப்’ (SHIP) என்ற காப்பீட்டு உதவித் திட்டத்தின் ஆலோசகர்கள் இலவசமாக உதவுகிறார்கள். அவர்கள் எந்தப் பிளானையும் விற்பவர்கள் அல்ல.

இன்னொன்று, ஊருக்குப் போய் ஆறு மாதம் தங்கும் பெற்றோருக்கு: அங்கே வாங்கும் மருந்துக்குப் பார்ட் டி பணம் தராது. கிளம்புமுன் எத்தனை நாளுக்கான மருந்தை மொத்தமாகத் தருவார்கள் என்று பிளானிடமே கேட்டுவிடுங்கள்.